நெல்லை, தென்காசி வழக்கறிஞர்களுக்கு: அவசர சிகிச்சை உரிமை பற்றிய 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மதுரைக்குக் கொண்டு போங்கள்

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் பெருமக்களுக்கு வணக்கம்.

கொரோனா காலத்தில் நீதிமன்றங்கள் செய்ததை மறக்க முடியாது. 2020 மே மாதமே குஜராத் உயர்நீதிமன்றம், அகமதாபாத் அரசு மருத்துவமனையின் நிலையைப் பாதாளச் சிறையோடு ஒப்பிட்டுக் கண்டித்தது. 2021 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் தாமாகவே முன்வந்து வழக்கெடுத்து, ஆக்சிஜன் எங்கே, மருந்து எங்கே என்று அரசுகளைக் கேட்டன. யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் ஜனங்கள் தவித்த நேரத்தில், கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது.

ஆனால் அதே 2021 மே மாதம் நடந்த இன்னொன்றையும் நீங்கள் அறிவீர்கள். உத்தரப்பிரதேசத்தில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு மாதத்துக்குள் தீவிர சிகிச்சை வசதியுள்ள ஆம்புலன்ஸ் குறைந்தது இரண்டு வேண்டும் என்று அலகாபாத் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நிறைவேற்ற முடியாத உத்தரவு என்று சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அலகாபாத் நீதிபதிகளின் கோபத்தில் நான் குறை காண மாட்டேன். ஆனால் பல வருடம் கட்டாமல் விட்டதை ஒரு மாதத்தில் எந்த அரசும் கட்டிவிடாது. பிசான மழைக்கு முன்னால் மடையைப் பார்க்காமல், குளம் உடைந்த ராத்திரியில் மண் தேடி ஓடிய கதைதான் அது.

அதனால்தான் நோய் இல்லாத இந்த நேரத்தில் உங்களுக்கு எழுதுகிறேன்.

1992ல் மேற்கு வங்கத்தில் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அரசு மருத்துவமனை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போனார்கள். ஓரிடத்தில் வசதி இல்லை, இன்னோரிடத்தில் படுக்கை இல்லை. கடைசியில் தனியாரிடம் காசு கட்டித்தான் பிழைத்தார். அந்த வழக்கில் 1996 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவசர சிகிச்சை மறுப்பது அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையைப் பறிப்பது என்றது. அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் சிகிச்சைக்கு வசதி இருக்க வேண்டும், மாவட்ட மருத்துவமனையையும் அதற்குக் கீழுள்ள மருத்துவமனைகளையும் தரம் உயர்த்த வேண்டும், ஆம்புலன்சில் கருவியும் ஆளும் இருக்க வேண்டும், எந்த மருத்துவமனையில் படுக்கை காலி என்று உடனே தெரிந்துகொள்ள ஒரு மையத் தகவல் ஏற்பாடு வேண்டும் என்றெல்லாம் சொன்னது. பணமில்லை என்ற சாக்கு செல்லாது என்றது. வழக்கில் இல்லாத மற்ற மாநிலங்களும் இதன்படி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தது.

படுக்கை எங்கே காலி என்று சொல்லும் ஏற்பாடு! அது 1996ல். இருபத்தைந்து வருடம் கழித்து, 2021 மே மாதம், எங்கள் மைனியை ஆம்புலன்சில் வைத்துக்கொண்டு அண்ணனும் நானும் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்றோம். முன்னாலும் பின்னாலும் வண்டிகள். சிலிண்டர் தலையில் இருக்கும் வட்ட மீட்டரின் முள் சிவப்புக் கோட்டை நெருங்க நெருங்க, டிரைவர் தம்பி இறங்கிப் போய் வேறு வண்டிக்காரரிடம் சிலிண்டர் கேட்டு வந்தார். அண்ணன் போனில் ஒவ்வொரு இடமாக “பெட் இருக்கா சார்” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். விடியும் முன் இடம் கிடைத்தது, மைனி பிழைத்தார். பக்கத்து வண்டியில் இருந்த பெரியவருக்குக் கிடைக்கவில்லை. அந்த வாசலில் நின்ற டாக்டர்கள் மேலும் நர்சுகள் மேலும் எனக்கு வருத்தமே கிடையாது. அவர்கள் நிலை எங்களைவிட மோசம்.

அந்தச் சமயம் நம்ம மகேந்திரகிரி இஸ்ரோ மையத்திலிருந்து ராக்கெட்டுக்கான திரவ ஆக்சிஜன் தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் லாரியில் போனது. மலையடிவாரத்தில் ஆக்சிஜன் இருந்தது. அது நோயாளியின் மூக்குக்கு வந்து சேரக் குழாயும் படுக்கையும் ஆளும் வேண்டுமே.

இன்றும் தென்காசிப் பக்கம் ராத்திரியில் பிரசவம் சிக்கலானாலோ, விபத்தில் தலையில் அடிபட்டாலோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத்தான் பெரும்பாலும் சீட்டு எழுதுகிறார்கள். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். தென்காசி 2019லேயே தனி மாவட்டமாகிவிட்டது. ஆனால் 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தபோது அதில் தென்காசி இல்லை. பாரம் முழுவதும் 1965ல் தொடங்கிய ஒரே கல்லூரியின் மேல் விழுகிறது.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில், வள்ளியூர் என்று ஊர் ஊராக உள்ள அரசு மருத்துவமனைகளைப் பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அனுமதித்த பணியிடம் எத்தனை, காலி எத்தனை, மயக்க மருந்து டாக்டர் ராத்திரியில் இருக்கிறாரா, ஒரு மாதத்தில் எத்தனை பேரை மேல்சிகிச்சைக்கு அனுப்பினார்கள், என்ன காரணம் எழுதினார்கள், கொரோனாவுக்குப் பிறகு வைத்த ஆக்சிஜன் உற்பத்தி இயந்திரங்கள் ஓடுகின்றனவா. இதில் மேல்சிகிச்சைப் பதிவேடுதான் முக்கியம். உண்மை முழுக்க அந்தக் காரணம் எழுதும் கட்டத்தில் இருக்கிறது.

அப்புறம், அந்த 1996 தீர்ப்பை முன்வைத்து, உரிமைக்காக உயர்நீதிமன்றத்தை நேராக அணுக வழிதரும் அரசியல் சட்டத்தின் 226வது பிரிவில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனு போடுங்கள். ஒரே நாளில் உத்தரவு வாங்கி முடிக்கும் வழக்காக வேண்டாம். 2001ல் தொடங்கிய உணவு உரிமை வழக்கை உச்ச நீதிமன்றம் வருடக்கணக்கில் திறந்து வைத்து, ஆணையர்களை நியமித்து, அறிக்கை கேட்டுக்கொண்டே இருந்தது. அதுபோல மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுகாதாரத் துறை வந்து கணக்குச் சொல்லட்டும். 2004ல் கிளை வந்ததால் இதற்காகச் சென்னை வரை போக வேண்டியதும் இல்லை.

ஆவணம் திரட்டவும், கிராமத்தில் பாதிக்கப்பட்டவர்களிடம் பேசி வாக்குமூலம் வாங்கவும் ஆள் வேண்டும் என்றால் நாங்கள் வருகிறோம். அண்ணனும் மைனியும் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கடையம் பக்கத்து விவசாயி ஒருவன்