கிளிநொச்சிக்கும் ஒரு வாணவேடிக்கை வேணும், நேரத்தைச் சொல்லிப்போட்டு வையுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

இங்கிலீஸ் வருசப்பிறப்பு கிட்ட வருது, அதுக்கு முன்னம் இதை எழுதிப்போடோணும். கிளிநொச்சியில 31ஆம் திகதி இரவுக்கு ஊருக்குப் பொதுவா ஒரு வாணவேடிக்கை வையுங்கோ, அதின்ர நேரத்தை முன்னமே எல்லாருக்கும் அறிவிச்சுப்போட்டு வையுங்கோ எண்டு பிரதேச சபையையும், வர்த்தகர் சங்கத்தையும், கோயில் திருவிழாவுக்கெல்லாம் வெளிநாட்டில இருந்து காசு அனுப்புற எங்கட பிள்ளையளையும் உங்கட பேப்பர் வழியாக் கேக்கிறன்.

எனக்கு வாணம் பாக்கிறதெண்டா சின்னனில இருந்தே சரியான விருப்பம். எங்கட வீட்டில புதுவருசம் 31ஆம் திகதி பின்னேரமே துடங்கிவிடும், ஏனெண்டா நியூசிலாந்தில நடுச்சாமம் 12 அடிக்கேக்க எங்களுக்குப் பின்னேரம் 4.30, சிட்னியில 12 அடிக்கேக்க 6.30, அது சாமிக்கு விளக்கு வைச்சு முடியிற நேரம், அப்பிடியே வந்து ரீவிக்கு முன்னால இருந்தா ஹாபர் பாலத்தில இருந்து வாணம் கொட்டுறதைப் பாக்கலாம். பிறகு எங்கட 12 மணி. இரவு 1.30க்கு டுபாய், அதுக்குப் பொடியள் மட்டும் முழிச்சிருப்பாங்கள். விடியக்காலமை 5.30க்கு லண்டன், தேம்ஸ் ஆத்துக் கரையில அந்தப் பெரிய சக்கரத்தைச் சுத்தி நடக்கிறது, அதுக்கு நான் எழும்பித் தேத்தண்ணியும் போட்டுக்கொண்டு வந்து இருந்திடுவன். முதலாம் திகதி காலமை 10.30க்கு ரொறன்ரோ. அந்தந்த ஊரில 12 அடிக்கேக்க அங்க இருக்கிற சொந்தங்கள் வற்சப்பில எடுப்பினம், பின்னால வெடிச்சத்தம் கேக்கும், "அக்கா பாருங்கோ, பாருங்கோ" எண்டு போனை வானத்துக்குப் பிடிப்பினம். படம் ஒண்டும் துலாம்பரமா விளங்காது, ஆனா அவையின்ர சந்தோசம் நல்லா விளங்கும்.

சிட்னியில இருக்கிற தங்கச்சி வீட்ட ஒருக்கா மார்கழி லீவுக்குப் போய் நேரிலயும் பாத்திருக்கிறன். அங்க மார்கழி எண்டா கோடை, சனம் காலமையே பாயும் சாப்பாடும் கொண்டுவந்து தண்ணிக் கரையில இடம் பிடிச்சிடும், நாங்களும் இடியப்பப் பாசலும் தண்ணிப் போத்திலும் கொண்டுபோய் இருந்தம். பாலத்தில இருந்தும், ஒப்பரா ஹவுஸ் பக்கமும், தண்ணியில நிப்பாட்டி வைச்ச மிதவையளில இருந்தும் எல்லாம் ஒரே நேரத்துக்கு விடுவினம். நடுச்சாமத்தில வாறது பெரிசு, கிட்டத்தட்ட 12 நிமிசம். அதுக்கு முன்னம் இரவு 9 மணிக்கும் ஒண்டு வைப்பினம், அது குடும்பங்களுக்கெண்டு, சின்னப்பிள்ளையள் அதைப் பாத்துப்போட்டு வீட்ட போய்ப் படுக்கலாம். எவ்வளவு நல்ல யோசினை பாருங்கோ. எங்க நிண்டு பாக்கலாம், எந்த இடம் சும்மா, எந்த இடத்துக்கு ரிக்கற், எந்த றோட்டு எத்தினை மணிக்குப் பூட்டு எண்டு எல்லாத்தையும் நகரசபை நாள்க்கணக்கா முன்னமே போட்டுவிடும். மணி கிட்ட வரேக்க சனம் முழுக்கச் சேந்து பத்து, ஒம்பது, எட்டு எண்டு எண்ணும். எனக்கு அந்த எண்ணிக்கைதான் மனசில நிக்குது. அடுத்த செக்கனில பெரிய சத்தம் வரப்போகுது எண்டு தெரிஞ்சுகொண்டு, பயமில்லாம, வானத்தை அண்ணாந்து பாத்துக்கொண்டிருந்தன். வன்னியில இருந்த ஒராளுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் எண்டு இதை வாசிக்கிற கனபேருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நான் பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிச்ச ஆள், அதாலயும் எனக்கு இதில ஒரு தனி ஆசை இருக்கு. பொடியளுக்கு வகுப்பில எரிநிறம் படிப்பிக்கேக்க வாணத்தைத்தான் சொல்லிக்குடுப்பன்: சிவப்பு ஸ்ரொன்சியம், பச்சை பேரியம், மஞ்சள் சோடியம், நீலம் செப்பு. இதில நீலம் எடுக்கிறதுதான் கஸ்ரம், சூடு கூடினா செப்பில இருந்து வாற அந்த நிறம் வெளிறிப்போயிடும், சூட்டை அளவா வைக்கத் தெரிஞ்ச ஆளாலதான் நல்ல நீலம் காட்டேலும். அடுத்தமுறை ஆழமான நீலத்தில ஒரு பூ விரியிறதைக் கண்டா கட்டாயம் கையைத் தட்டுங்கோ. வெடிமருந்தும் பழைய மருந்துதான், வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 எண்ட கணக்கு, சீனாக்காரர் கண்டுபிடிச்சது. பெரிய வாணம் ஒண்டு தேங்காய் அளவில இருக்கும், குழாய்க்குள்ள இறக்கி வைச்சுக் கீழ இருக்கிற மருந்தைப் பத்தவைச்சா மேல எறியும், உள்ளுக்க இருக்கிற திரி எரிஞ்சுகொண்டே போய், உச்சிக்குப் போன நேரத்தில நடுவில இருக்கிற மருந்தை வெடிக்கவைக்கும், அப்பத்தான் சுத்திவர அடுக்கின மருந்து உருண்டையள் பத்திக்கொண்டு சிதறும். ஆர் எந்த ஒழுங்கில அடுக்கினமோ அந்த ஒழுங்கிலதான் வானத்தில பூ விரியும்.

இதை இவ்வளவு விபரமா ஏன் சொல்லுறன் எண்டா, குழாயில இருந்து கிளம்பேக்க ஒரு குத்துச் சத்தம், பிறகு கொஞ்ச நேரம் ஒண்டும் இல்லை, பிறகு வெடி. இந்த ஒழுங்கு எங்கட சனத்துக்கு வேற இடத்தில பழக்கம். சண்டை நேரத்தில ஷெல் குத்திற சத்தம் கேட்ட உடன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்க இறங்கின ஆக்கள் நாங்கள். வானத்தில வெளிச்சம் எண்டா எங்களுக்குப் பரா லைட், சண்டையில இரவிலை ஆக்களைக் காணுறதுக்கு மேல விடுற வெளிச்சக் குண்டு. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளையளுக்கு இதெல்லாம் கதை, அவைக்கு வெடி எண்டா விளையாட்டு, அது அப்பிடியே இருக்கோணும், அதுக்குத்தானே நாங்கள் இவ்வளவு பாடும் பட்டது. ஆனா அந்தப் பிள்ளையின்ர அம்மம்மாவும் அதே வீட்டிலதான் இருக்கிறா.

இப்ப 31ஆம் திகதி இரவில நடக்கிறது என்னெண்டா, பின்னேரம் 7 மணிக்கு ஒரு ஒழுங்கையில சீனவெடி, 9 மணிக்கு வேற ஒழுங்கையில மூலவெடி, நடுச்சாமத்தில எல்லாப் பக்கமும், பிறகு விடியுமட்டும் நினைச்ச நேரம் நினைச்ச ஆக்கள். எங்கட ஒழுங்கையில ஒரு அம்மா இருக்கிறா, வன்னிக் கடைசிச் சண்டையில பிள்ளையைப் பறிகுடுத்தவ, அண்டைக்கு இரவு அவ படுக்கிறதே இல்லை, அறைக்குள்ள சுவரோட சாஞ்சு குந்திக்கொண்டு இருப்பா. ஒருமுறை பக்கத்து வீட்டுப் பொடியள் "அம்மா, சரியா எட்டு மணிக்கு நாங்கள் பூவாணம் கொளுத்தப் போறம், ஒரு பெரிய வாணமும் விடப்போறம்" எண்டு பின்னேரமே வந்து சொல்லிப்போட்டுப் போனாங்கள். அவ எட்டு மணிக்குத் திண்ணையில வந்து இருந்து முழுக்கப் பாத்தா. பெரிய வாணம் கிளம்பேக்க என்ர கையைப் பிடிச்சுக்கொண்டா, அது விரிஞ்ச உடன "வடிவா இருக்குது என்ன" எண்டு சொன்னா. அந்தப் பொடியளுக்கு நான் என்னத்தைக் குடுத்தாலும் தகும்.

அதாலதான் கேக்கிறன். வெடி வேண்டாம் எண்டு சொல்ல நான் வரேல்லை, அப்பிடிச் சொல்லுற ஆக்களின்ர கவலையும் எனக்கு விளங்குது, ஆனா சந்தோசத்தை ஏன் விடோணும்? எங்களுக்கு இது அந்நியமான சாமானும் இல்லை, வல்வெட்டித்துறை முத்துமாரி அம்மன் கோயில் இந்திர விழாவுக்கு சித்திரைப் பறுவத்தில போனாத் தெரியும் வாணம் எண்டா என்னெண்டு. கொழும்பில காலிமுகத்திடலில வருசா வருசம் சனம் நிரம்பி வழியுது. எங்கட சனம் மட்டும் ஏன் போனுக்குள்ள பாத்துக்கொண்டிருக்கோணும்.

இரவு 8 மணிக்கு வையுங்கோ, நடுச்சாமம் வேண்டாம். தருமபுரத்தில இருந்தும் பூநகரியில இருந்தும் வாற சனம் திரும்பிப் போகோணும், பஸ் வேணும், றோட்டில இரவு மாடு படுத்திருக்கும். ஒரு கிழமைக்கு முன்னமே ஓட்டோவில ஸ்பீக்கர் கட்டி ஒழுங்கை ஒழுங்கையாச் சொல்லோணும், கோயிலிலயும் சேர்ச்சிலயும் சொல்லோணும், எத்தினை மணிக்குத் துடங்கும் எண்டு மட்டுமில்லாம எத்தினை மணிக்கு முடியும் எண்டும் சொல்லோணும். முடியிற நேரம் தெரிஞ்சாத்தான் பயமுள்ள ஆள் பல்லைக் கடிச்சுக்கொண்டாவது இருக்கும். நாய் மாடு வைச்சிருக்கிற ஆக்களும் கட்டி வைக்கலாம். பெரிய குத்துச் சத்தம் போடுற வாணத்தைக் குறைச்சு, நிறம் காட்டுறதைக் கூட்டச் சொல்லி முன்னமே கதைச்சு எடுக்கலாம், எல்லா வாணமும் ஒரே அளவுச் சத்தம் இல்லை.

விடுறது அனுமதிப்பத்திரம் உள்ள, தொழில் தெரிஞ்ச ஆக்களா இருக்கோணும், இதில ஒரு விட்டுக்குடுப்பும் வேண்டாம். நீர்கொழும்புப் பக்கம் கிம்புலாப்பிட்டியில இந்தத் தொழில் செய்யிற ஆக்கள் இருக்கினம், அங்கயே வெடிச்சு ஆக்கள் செத்த செய்தியளும் நாங்கள் வாசிச்சிருக்கிறம், அப்ப பழகாத கை தொட்டா என்ன நடக்கும் எண்டு யோசியுங்கோ. அமெரிக்காவில ஒரு கணக்கு வைச்சிருக்கினம், வாணத்தின்ர விட்டத்தில ஒவ்வொரு அங்குலத்துக்கும் 70 அடி தள்ளிச் சனம் நிக்கோணும், 3 அங்குல வாணம் எண்டா 210 அடி, 6 அங்குலம் எண்டா 420 அடி. எங்களிட்ட வெளி நிலம் தாராளமாக் கிடக்குது, இடம் காணாது எண்ட கதைக்கே இடமில்லை. இரணைமடுக் குளத்துப் பக்கம் மட்டும் வேண்டாம், பறவையளை இரவில கலைக்கப்படாது. மார்கழி தையில காத்து வடக்கு, வடகிழக்கில இருந்து வரும், அதால சனத்தை அந்தப் பக்கம் இருத்தினாப் புகை மற்றப் பக்கம் போயிடும், கடைசிவரை வானம் துலாம்பரமாத் தெரியும்.

மழைதான் பிரச்சினை, மார்கழிக் கடைசியில எங்களுக்கு எப்ப கொட்டும் எண்டு சொல்லேலாது. கொட்டினாத் தைப்பொங்கலுக்குத் தள்ளி வையுங்கோ, ஆனாத் தள்ளினதையும் திரும்ப ஓட்டோவில ஸ்பீக்கர் கட்டிச் சொல்லுங்கோ.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
உருத்திரபுரம், கிளிநொச்சி.