அப்பா என்ன செய்கிறார் என்று கேட்காதீர்கள்

தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் பாடம் எடுக்கும், செய்முறைத் தேர்வு நடத்தும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். உங்களைப் போன்றவர்கள் சொல்லிக் கொடுத்துத்தான் நான் டாக்டர் ஆனேன். எங்கள் குடும்பத்தில் முதல் டாக்டர் நான். அந்த நன்றி மாறாது. ஆனாலும் முதலாம் ஆண்டு அனாட்டமி வைவாவில், அதாவது உடற்கூறியல் வாய்மொழித் தேர்வில், நடந்த ஒன்று இத்தனை வருடம் கழித்தும் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பச்சைத் துணி விரித்த மேஜை. அதன் மேல் வரிசையாக எலும்புகள். எனக்கு முன்னால் போனவள் என் வகுப்புத் தோழி. "அப்பா என்ன பண்றார்?" என்று தேர்வாளர் கேட்டார். சர்ஜன் என்றாள். ஊரைக் கேட்டார், பெயரைக் கேட்டார், முகம் மலர்ந்தது. "அட, நம்ம ஜூனியர்! நான் விசாரிச்சேன்னு சொல்லும்மா." தொடை எலும்பை எடுத்துக் கொடுத்து, வலதா இடதா என்று கேட்டார். சொன்னாள். அவ்வளவுதான்.

அடுத்து நான். அதே கேள்வி. "லாரி டிரைவர் சார்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. குனிந்து ஸ்ஃபீனாய்டு எலும்பை எடுத்து என் கையில் வைத்தார். மண்டை ஓட்டின் அடித்தளத்தில் வௌவால் மாதிரி இறக்கை விரித்துக் கிடக்கும் எலும்பு அது. அதில் உள்ள துளைகளையும், எந்தத் துளை வழியாக எந்த நரம்பு, எந்த ரத்தக்குழாய் போகிறது என்பதையும் வரிசையாகச் சொல்லச் சொன்னார். மூன்று சொன்னேன், நான்காவதில் தடுமாறினேன். பாஸ் ஆகிவிட்டேன், அது வேறு. ஆனால் அந்த அறையை விட்டு வெளியே வரும்போது ஃபொராமென் ஸ்பைனோசம் என்ற துளை எனக்கு நினைவில் இல்லை. அப்பாவின் தொழிலைச் சொன்னபோது என் குரல் ஏன் இறங்கியது என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தத் தோழி மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவள் நன்றாகப் படிப்பவள். ஸ்ஃபீனாய்டைக் கொடுத்திருந்தாலும் சொல்லியிருப்பாள். அவள் வீட்டில் அப்பா படித்த காலத்து எலும்பு செட் இருந்தது, சந்தேகம் என்றால் கேட்க சாப்பாட்டு மேஜையிலேயே ஆள் இருந்தது. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு அது கிடைப்பதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. நான் பேசுவது, வீட்டில் கிடைத்ததற்கு மேல் கல்லூரியும் அள்ளிக் கொடுப்பதைப் பற்றி.

மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை என்ற வாசலில் எத்தனையோ பேர் காவல் நிற்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. பஞ்சாபில் என்.ஆர்.ஐ. ஒதுக்கீட்டுக்குள் மாமா, அத்தை, சித்தப்பா வெளிநாட்டில் இருப்பவர்களையும் சேர்க்கப் பார்த்தபோது, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மோசடி என்றே சொல்லி நிராகரித்தது. எல்லாம் வாசல் வரைக்கும்தான். உள்ளே வந்தபின் எங்களைக் காப்பது உங்கள் மனசாட்சி ஒன்றுதான்.

தியரி விடைத்தாளில் பெயர் இருக்காது. டம்மி எண் போட்டுத்தான் திருத்த அனுப்புகிறார்கள். திருத்துபவரின் மனம் எந்தப் பக்கமும் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. வைவாவில் மட்டும் மாணவன் முகத்தோடும் பெயரோடும் வந்து நிற்கிறான். அங்கேயும் அப்பாவின் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டால், விடைத்தாளில் மறைத்து என்ன பயன்?

ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி டாக்டராக, இருந்தபோதும் இதையே பார்த்தேன். யூனிட் தலைவரான சீஃபுக்குத் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை என்றால் "வாஷ் அப் பண்ணிட்டு வாப்பா" என்று தியேட்டருக்குள் அழைப்பு வரும். குடல்வால் அறுவையில் காயத்தை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரைப் பிடிக்கலாம், கடைசியில் தோலுக்கு இரண்டு தையலும் போடலாம். மற்றவர்கள் ரத்த சாம்பிளைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவோம், டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவோம். அந்த வேலைகளும் அவசியம்தான். ஆனால் ஒரு வருடம் முழுக்க ஒரே ஆட்கள் ஓடி, ஒரே ஆட்கள் தையல் போட்டால், நாளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக நைட் டியூட்டி பார்க்கும் என் கை நடுங்கும். அங்கே வலியோடு படுத்திருப்பவருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் என்ற பேராசிரியர் 1975-லேயே 'ஆஸ்கி' தேர்வு முறையை எழுதி வெளியிட்டார். எல்லா மாணவருக்கும் ஒரே ஸ்டேஷன்கள், ஒரே வேலை, முன்கூட்டியே எழுதி வைத்த செக்லிஸ்ட்படி மதிப்பெண். இங்கும் அதைத் தெரியாதவர் யாரும் இல்லை. அந்த அளவுக்குப் போக நாளாகும் என்றால், எந்த எலும்பு, எந்தக் கேஸ் என்பதையாவது சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். உங்கள் பிள்ளையோ நண்பர் பிள்ளையோ வந்தால், அந்த ஒருவருக்கு மட்டும் பக்கத்து மேஜைக்காரரைக் கேட்கச் சொல்லுங்கள். தியேட்டர் போஸ்டிங்கைப் பட்டியல் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.

போன வாரம் என் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி போன் செய்தாள். 7.5 ஒதுக்கீட்டில் சேர்ந்தவள், இந்த வருடம் வைவாவுக்குப் போகிறாள். "அண்ணா, அப்பா என்ன பண்றார்னு கேப்பாங்களாமே, என்ன சொல்லட்டும்?" என்றாள். அவள் அப்பா செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார். உள்ளதைச் சொல்லும்மா என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவளிடம் அதைக் கேட்காமல் விடுங்கள், நேராக எலும்பைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன் ஒருவன்