இனிஷியல் மாற்றினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மறுமணம் செய்த தாய்மார் பலர், குழந்தையின் இனிஷியலை அரசிதழில் மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அரசிதழ் பெயரைத்தான் மாற்றும்; பிறப்புச் சான்றிதழில் ‘தந்தை பெயர்’ கட்டத்தைத் தொடாது.

அதை மாற்ற, புதுக் கணவர் குழந்தையைச் சட்டப்படி தத்தெடுப்பதுதான் வழி. இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம்: பிள்ளைக்குப் பொதுவாக 15 வயது நிறைந்திருக்கக் கூடாது, பெண் குழந்தையென்றால் தத்தெடுக்கும் தந்தை 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். தத்துப் பத்திரத்தைப் பதிவு செய்வது நல்லது. பலர் இடறுவது பெற்ற தகப்பனின் சம்மதத்தில்தான். விவாகரத்தாகிவிட்டதே என்று அதை விட்டுவிட முடியாது.

அவர் இறந்திருந்தால் குடும்பப் பெயரைத் தாயே முடிவு செய்யலாம் என்று 2022 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆவணங்களில் ‘மாற்றாந்தந்தை’ என்று போடச் சொன்ன ஆந்திர உயர் நீதிமன்ற உத்தரவை, ஏறக்குறைய கொடூரம் என்றே கண்டித்தது. சரியான கண்டிப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்