ஓட்டினது யாரு?

பாபநாசம்,
மாசி முதல் வாரம்

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை என்று திட்ட ஆரம்பித்திருப்பாய். திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் நலம். சம்பா அறுப்பு முடிந்துவிட்டது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்கினால்தான் எடுப்பார்கள் என்பதால் நெல் கொள்முதல் நிலைய வாசலில் காய்கிறது. உளுந்து பரவாயில்லை. நம் வக்கீல் நண்பன் ‘மாவு’க்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி, மறுபடி கோர்ட்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டான். வாய்க்கு மட்டும் எந்த ஆபரேஷனும் பலிக்காது போல.

விஷயம் இதுதான். என் கார் அதிவேகத்தில் போனதாக இ-செலான் வந்திருக்கிறது. சிரிக்காதே. நான் நாற்பதைத் தாண்டினால் பின்னால் வரும் டவுன் பஸ்காரன் கூட ஆச்சரியப்படுவான் என்று நீதானே சொல்வாய்? திருச்சி – தஞ்சாவூர் ரோட்டில், செங்கிப்பட்டி பக்கம், விடியற்காலையில் 124 கிலோமீட்டர். நாலு வழிச் சாலையில் காருக்கு உச்சவரம்பு 100. போட்டோவும் வந்திருக்கிறது. நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிகிறது, பின் கண்ணாடியில் பேத்தி ஒட்டிய பூனை ஸ்டிக்கர் கூடத் தெரிகிறது. ஓட்டியவன் தலை தெரியவில்லை.

அன்று மைத்துனர் மகள் கல்யாணம். கார்ச் சாவியை முதல் நாளே அவரிடம் கொடுத்துவிட்டேன். ஓட்டுவதற்கு மினி பஸ் ராசுவை ஆக்டிங் டிரைவராகப் பேசியிருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து இறங்குகிறார், திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டும். ராசு ராத்திரி முழுக்கக் கும்பகோணத்துக்கும் மண்டபத்துக்கும் அலைந்துவிட்டுப் பந்திக் கூடத்துக்குப் பின்னால் பாயைப் போட்டுப் படுத்துவிட்டார். ஆறு மணிக்கு அவரை எழுப்பிக் காபி கொடுத்தது நான்தான். அதே நேரத்துக்கு வாழவந்தான்கோட்டை டோல்கேட்டில் ஃபாஸ்டேக்கில் பணம் பிடித்ததாக என் போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது. கல்யாண அமளியில் யார் அதைப் பார்த்தது?

ஓட்டியது மைத்துனரின் பையன். ப்ளஸ் டூ படிக்கிறான், வயது 17. அன்றைக்கு ஸ்பீடோமீட்டரை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வேறு போட்டிருக்கிறான். பெரியப்பாவைக் கேட்டால், “பையன் அருமையா ஓட்டினான்” என்கிறார்!

செலான் ஆயிரம் ரூபாய்தான். கட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம், ஊரே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. “ஓட்டினது யாரு? அவர் லைசென்ஸ் காப்பியோட வாங்க.” உடனே மைத்துனர் வீட்டில் கூட்டம் போட்டார்கள், ஐந்து நிமிடத்தில் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். ராசு பெயரைக் கொடுத்துவிடுவது, அவருக்கு ஐயாயிரம் கொடுத்துவிடுவது. ராசுவும் என் வீட்டு வாசலில் வந்து நின்று, “ஆயிரம் ரூவா ஃபைனுதானே சார், எம் பேரையே போடுங்க” என்கிறார். எனக்கு எங்கே கோபத்தைக் காட்டுவது என்றே தெரியவில்லை.

மாவிடம் போனேன். ஒரு மணி நேரம் அறுத்தான், ஆனால் இந்தத் தடவை அத்தனையும் உபயோகமான அறுவை. மோட்டார் வாகனச் சட்டம் 133-வது பிரிவு: அதிகாரம் உள்ள போலீஸ் அதிகாரி கேட்டால் வண்டி உரிமையாளர் டிரைவரின் பெயர், விலாசம், லைசென்ஸ் விவரம் எல்லாம் சொல்லியாக வேண்டும். தெரிந்ததை மட்டுமல்ல, நியாயமாக முயன்றால் தெரிந்துகொள்ளக் கூடியதையும். ஆகவே “எனக்குத் தெரியாது சார்” என்று கையை விரிக்க முடியாது. தெரிந்தே பொய் சொன்னால் 179 தனியாக இருக்கிறது. அதோடு, அதிவேகத்துக்கு லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் முடக்கச் சொல்லிச் சுப்ரீம் கோர்ட்டின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே உத்தரவு போட்டிருக்கிறது.

சித்திரை வைகாசி முகூர்த்தக் காலத்தில் மூன்று மாதம் லைசென்ஸ் இல்லாவிட்டால் ராசு என்ன செய்வார்? இதை அவரிடம் யாருமே சொல்லவில்லை. நான் சொன்னதும் சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்ப அந்த அய்யாயிரம் பத்தாதே சார்” என்றார். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லவே இல்லை பார். அவர் வீட்டு நிலைமை உனக்குத் தெரியும்.

பையன் பெயரைக் கொடுத்தால் மாட்டிக்கொள்வது நான். 2019 திருத்தத்தில் 199ஏ என்று ஒன்று சேர்த்திருக்கிறார்கள். மைனர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவரோ வண்டிக்காரரோ பதில் சொல்ல வேண்டும். மூன்று வருடம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் நிரூபித்தால் தப்பலாம், ஆனால் நிரூபிக்க வேண்டியது நான். “அரிச்சந்திரன் வேஷம் உனக்குப் பொருந்தாதுடா” என்று மாவு கிண்டல் செய்தான். பிறகு அவனே, “பொய்யை மட்டும் எழுதிக் கொடுக்காதே, அது எப்போது வேண்டுமானாலும் எழுந்து வரும்” என்றான்.

அப்போதுதான் நீ முன்பு போனில் சொன்ன உங்கள் இங்கிலாந்து முன்னாள் அமைச்சர் கதை நினைவுக்கு வந்தது. கிறிஸ் ஹூன்தானே? 2003-ல் வேகமாகப் போனது அவர், ஓட்டியது தானென்று எழுதிக் கொடுத்தது மனைவி. பத்து வருடம் கழித்து, குடும்பமும் உடைந்து, 2013-ல் இரண்டு பேருக்கும் எட்டெட்டு மாதம் ஜெயில். அவர் எடுத்திருக்க வேண்டியது லைசென்ஸில் வெறும் மூன்று தண்டனைப் புள்ளி! உங்கள் ஊர்ச் சட்டமும் நம்முடையதைப் போல 1988-ல் வந்ததுதான். ஆனால் அங்கே 28 நாளுக்குள் டிரைவர் யாரென்று சொல்லாவிட்டால் ஆறு புள்ளி என்றாய். வேகமாகப் போனதை விட வாயை மூடிக்கொண்டிருந்ததற்குத் தண்டனை அதிகம். எனக்கு அது சரியென்றே படுகிறது. இங்கே பொய் சொன்னால் பெரும்பாலும் இரண்டாயிரத்தோடு போய்விடும், அதனால்தான் கூலிக்கு ஆள் பிடித்துப் பெயர் எழுத ஐந்து நிமிடம் போதுமாக இருக்கிறது. ஹூன் பொய் சொல்லத் தன் வீட்டு ஆளைப் பிடித்தார். நம் ஆட்கள் நேராக ராசுவிடம் போகிறார்கள். பையனை இதில் நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். 17 வயதில் காலி ரோடும் சாவியும் கிடைத்தால் நீயும் நானும் என்ன செய்திருப்போம்? உங்கள் அப்பாவின் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளைக் கேட்டால் சொல்லும்.

பையன் பெயரையே எழுதிவிட்டேன். சாவியை முதல் நாளே ஒப்படைத்தது, ராசு தூங்கியது, டோல்கேட் எஸ்.எம்.எஸ். எல்லாவற்றையும் சேர்த்து மாவு ஒரு மனு தயார் செய்திருக்கிறான். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறோம். பையன் மட்டும் தனியாக வந்து, “மாமா, நானும் வரவா?” என்று கேட்டான். அவன் அப்பாவுக்கு அது தெரியாது. மைத்துனர் பேச்சை நிறுத்திவிட்டார். நீ தங்கச்சி என்று கூப்பிடும் என் வீட்டு அம்மாள் பேசுகிறாள், ஆனால் சுவரைப் பார்த்துப் பேசுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். உன் அக்காவிடம் மட்டும் இதை மூச்சு விடாதே. அவர்களிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் என் மாமியாருக்குப் போய்விடும், அந்த அம்மாளுக்கு இன்னும் செலான் வந்ததே தெரியாது.

அன்புடன்,
ரகு