ஐந்தாண்டுப் புதுப்பிப்பும் ஒரு கோல்ஃப் காரும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

என் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காருக்கு விரைவில் பத்து வயது நிறைகிறது. சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழும் அதோடு முடிகிறது. 1974ல் இத்தாலியரான ஜுஜாரோவின் வடிவமைப்பில் தொடங்கிய இந்த வரிசையில், 1.4 லிட்டர் டர்போ இயந்திரமும் 90 கிலோவாட் திறனும் கொண்ட என் வண்டி, 1,600 சிசி, 97 கிலோவாட் என்ற, சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவுச் சான்றிதழின் வரம்புக்குள் அடங்குகிறது. பின்புறச் சின்னத்தை அழுத்தி உயர்த்தினால் கதவு திறக்கும். இருக்கைகளை மடித்துவிட்டு, பொங்கலுக்குத் தேக்காவில் வாங்கும் கரும்புக் கட்டை (தோகை முன்னிருக்கைவரை நீண்டு என் காதைக் கூசச் செய்தாலும்) வீடு கொண்டுவந்து சேர்த்துவிடுவேன்.

இந்தச் சான்றிதழை ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தால், அதன் அண்மைய மூன்று மாதச் சராசரிக் கட்டணத்தில் பாதி போதும். ஆனால், அந்தக் காலம் முடிந்ததும் வண்டியின் பதிவை நீக்கியே ஆகவேண்டும். மறுமுறை புதுப்பிக்க இயலாது. பத்தாண்டுக்குப் புதுப்பித்தவருக்கோ அந்தத் தடை இல்லை. எத்தனை ஆண்டுக்குப் புதுப்பித்தாலும் பத்தாண்டுக்குள் பதிவை நீக்கினால் கிடைக்கும் கழிவுத்தொகையை இழக்கிறோம். சாலை வரியும் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வீதம் ஐம்பது விழுக்காடுவரை கூடுகிறது. பரிசோதனைக்கும் ஆண்டுதோறும் போகவேண்டும்.

கார்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தவேண்டிய தேவையை நான் மறுக்கவில்லை. இருப்பினும், ஒவ்வோர் ஆண்டும் பரிசோதனையில் தேறும் வண்டியை, அதன் உரிமையாளர் முழுத்தொகையையும் ஒரேயடியாகக் கட்ட இயலாதவர் என்பதற்காகவே கழித்துக்கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தவர்கள் இன்னொரு முறை புதுப்பிக்க நிலப் போக்குவரத்து ஆணையம் வழிசெய்யுமா?

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்