ஃபயர்பேர்டைப் பற்றியும் ஒருமுறை எழுதுங்கள்: தொழில்நுட்ப இதழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொழில்நுட்பப் பக்கங்களை நடத்தும் ஆசிரியர்களுக்கும் அவற்றில் எழுதும் செய்தியாளர்களுக்கும் வணக்கம்.

கடைகளுக்கும் சிறு ஆலைகளுக்கும் பில்லிங், ஸ்டாக் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். அந்த மென்பொருள்களுக்கு அடியில் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருப்பது ஃபயர்பேர்ட் என்ற டேட்டாபேஸ், அதாவது கணக்குகளைச் சேமித்து வைத்து, கேட்டபோது எடுத்துக் கொடுக்கும் மென்பொருள். உங்களில் சிலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எந்தச் சந்தர்ப்பத்தில் கேள்விப்பட்டீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

முதல் சந்தர்ப்பம் 2001 ஜனவரி. ஃபயர்பேர்டின் தாய் இன்டர்பேஸ் என்ற டேட்டாபேஸ். அதை வைத்திருந்த போர்லாண்ட் நிறுவனம் 2000 ஜூலையில் அதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம் என்று திறந்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் தன்னார்வலர்கள் அதை எடுத்து ஃபயர்பேர்ட் என்ற பெயரில் தனியாக வளர்க்கத் தொடங்கினார்கள். நிரலைப் படித்துக்கொண்டே போனவர்கள் கண்ணில் ஒரு ரகசியக் கணக்கு பட்டது. பயனர் பெயர் 'பொலிட்டிகலி', கடவுச்சொல் 'கரெக்ட்'. இது தெரிந்த எவரும் எந்த இன்டர்பேஸ் சர்வருக்குள்ளும் நுழையலாம். 1994 முதல் அது அங்கேயே இருந்திருக்கிறது. நிரல் மூடிக் கிடந்த ஆறேழு வருடம் வெளியே தெரியாத ஓட்டை, திறந்து வைத்த சில மாதங்களில் பிடிபட்டது. செய்தி உலகமெங்கும் போனது.

இரண்டாவது, 2003 ஏப்ரல். மொசில்லாவினர் தங்கள் புதிய பிரௌசருக்கு ஃபீனிக்ஸ் என்று வைத்திருந்த பெயரை விட்டுவிட்டு ஃபயர்பேர்ட் என்று வைத்தார்கள். டேட்டாபேஸ்காரர்கள் அது தங்கள் பெயர் என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மாதக்கணக்கில் இழுபறி. 2004 பிப்ரவரியில் பிரௌசரின் பெயர் ஃபயர்ஃபாக்ஸ் ஆனது. அதுவும் நன்றாகவே செய்தியானது.

இரண்டையும் நீங்கள் எழுதியதில் தவறில்லை. ஓட்டையை ஊருக்குச் சொல்வது உங்கள் கடமை. பெயர்ச் சண்டையும் செய்திதான். ஆனால் அந்த இரண்டு தடவையும் இந்த டேட்டாபேஸ் என்ன செய்கிறது, யாருக்கு, எப்படி உதவுகிறது என்ற கேள்வி எழவே இல்லை. அதற்கப்புறமும் எழவில்லை. என் மனக்குறை அதுதான்.

அந்தக் கேள்விக்கு நானே பதில் சொல்கிறேன்.

கடையில் கவுண்டரில் பில் போட்டுக்கொண்டிருப்பார்கள். உள்ளே முதலாளி, போன வருடம் முழுக்க எந்தச் சரக்கு எவ்வளவு போனது என்று ஒரு ரிப்போர்ட் கேட்பார். பூட்டு போட்டு வேலை செய்யும் டேட்டாபேஸில், ரிப்போர்ட் படித்துக்கொண்டிருக்கும் பதிவு வரிகளை பில் போடுபவரால் மாற்ற முடியாது, கவுண்டரில் வரிசை நிற்கும். 1980களின் நடுவிலேயே இன்டர்பேஸை உருவாக்கிய ஜிம் ஸ்டார்க்கி அதில் இதற்கு வழி செய்துவிட்டார். ஒரு வரியை மாற்றினால் பழையது உடனே அழியாது, அதன் முந்தைய பதிப்பும் கூடவே இருக்கும். ரிப்போர்ட் தொடங்கிய நேரத்தில் கணக்கு எப்படி இருந்ததோ அப்படியே முதலாளி பார்ப்பார். கவுண்டர் பாட்டுக்கு ஓடும். மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வருக்கு இந்த வகை வசதி 2005 பதிப்பில்தான் வந்தது. ஃபயர்பேர்டுக்கு அது பிறவிக் குணம்.

இன்னொன்று, கரண்ட் போவது. 2012-இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். கோவையில் பைப்பு, பெயின்ட், ஆணி விற்கும் ஒரு ஹார்டுவேர் கடைக்கு அப்போது நான் மென்பொருள் பார்த்துக்கொண்டிருந்தேன். யுபிஎஸ் பேட்டரி வயதாகி, கரண்ட் போன மறு நிமிடமே சர்வரும் அணைந்துவிடும். ஒரு நாளில் எத்தனையோ தடவை இப்படி ஆகும். ஒவ்வொரு தடவையும் கரண்ட் வந்ததும் கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் போட்டு, மென்பொருளைத் திறந்து, கடைசி பில் எண்ணைப் பார்ப்பார். "பாதியில நின்ன பில்லு மட்டும் திரும்பப் போடணுங்ணா, மத்ததெல்லாம் இருக்குதுங்க" என்பார். அவ்வளவுதான். பழுது பார்க்க யாரும் வர வேண்டியதில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. பெரும்பாலான டேட்டாபேஸ்கள் எல்லா மாற்றத்தையும் முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். இடையில் நின்றுபோனால், திரும்ப எழும்போது அந்தப் பதிவேட்டைப் படித்துத் தன்னைச் சரி செய்துகொள்ளும். ஃபயர்பேர்ட் அந்த வழியில் போகவில்லை. கோப்பின் எந்தப் பக்கத்தை முதலில் வட்டில் (ஹார்ட் டிஸ்கில்) எழுதுவது, எதை அடுத்து எழுதுவது என்ற வரிசையை அது கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும். எந்த நொடியில் நின்றாலும் கோப்பு குலைந்துவிடாத வரிசை அது. முடியாத பரிவர்த்தனை (ஒரு பில் போடுவது போல, ஒன்றாகச் சேர்ந்து முடிய வேண்டிய மாற்றங்கள்) செத்ததாகக் கருதப்படும், வரியின் பழைய பதிப்பு செல்லுபடியாகும். அதனால் எழுந்தவுடனே வேலைக்குத் தயார். எழுதுவதை உடனுக்குடன் வட்டில் சேர்க்கும் ஃபோர்ஸ்டு ரைட்ஸ் என்ற அமைப்பை அணைக்காமல் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், இதில் செய்தி இல்லை என்று நீங்கள் நினைப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கரண்ட் போனது, டேட்டா போகவில்லை: இதற்குத் தலைப்பு போட வராதுதான். ஒரு பெரிய வங்கியின் சர்வர் அரை நாள் படுத்துவிட்டால் எல்லாப் பக்கத்திலும் வரும். படுக்காமல் இருப்பது எங்கேயும் வராது.

உங்கள் மேசைக்கு எது வருகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. 2008 ஜனவரியில் சன் நிறுவனம் சுமார் 100 கோடி டாலருக்கு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தது. 2017-இல் மாங்கோடிபி என்ற டேட்டாபேஸ் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது, 2020-இல் ஸ்னோஃப்ளேக் வந்தது. அறிக்கை எழுதித் தரவும், தலைமை அதிகாரியைப் பேட்டிக்கு உட்கார வைக்கவும், மாநாட்டுக்கு அழைத்துப் போகவும் அங்கே ஆள் இருந்தார்கள். ஃபயர்பேர்டுக்கு இருப்பது உறுப்பினர் சந்தாவிலும் நன்கொடையிலும் ஓடும் ஓர் அறக்கட்டளை. வருகிற காசு நிரல் எழுதுபவர்களுக்கே போதாது, செய்தி அனுப்ப ஒருவரை எங்கிருந்து வைப்பார்கள்? அதை யாரும் விற்பதில்லை, யாரும் வாங்கவும் முடியாது. எங்களைப் போன்றவர்கள் நிரல் மூடிய மென்பொருளோடு சேர்த்துக் கொடுத்தாலும் உரிமக் கட்டணம் கிடையாது. நாங்கள் அதைத் தேர்ந்தெடுக்க அதுவே பெரிய காரணம். பணம் கைமாறாத இடத்தில் உங்களுக்குச் செய்தி பிறப்பதில்லை.

அப்புறம் அந்தத் தரவரிசை. எந்த டேட்டாபேஸ் முன்னணியில் இருக்கிறது என்று எழுதும்போதெல்லாம் டிபி-எஞ்சின்ஸ் என்ற இணையதளத்தின் பட்டியலை மேற்கோள் காட்டுகிறீர்கள். அந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று அவர்களே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். இணையத்தில் எத்தனை இடத்தில் பெயர் வருகிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், எத்தனை வேலை விளம்பரத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் கூட்டிப் போடுகிறார்கள். எத்தனை இடத்தில் நிறுவப்பட்டிருக்கிறது என்பதைத் தாங்கள் அளக்கவில்லை என்றும் சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் எழுதினால் பெயர் அடிபடும், பெயர் அடிபட்டால் பட்டியலில் ஏறும், பட்டியலில் ஏறினால் நீங்கள் எழுதுவீர்கள். இந்த வட்டத்துக்குள் கவுண்டரில் பில் போடும் பெண் எங்கேயும் இல்லை. அவருக்கு ஃபயர்பேர்ட் என்ற பெயரே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, அவரைப் பொறுத்தவரை அது "கடை சாஃப்ட்வேர்". அடியில் இருப்பதை யாரும் தேடுவதில்லை.

மொழியையும் சொல்ல வேண்டும். ஃபயர்பேர்டை அதிகம் புழங்குகிறவர்கள் பிரேசிலிலும் ரஷ்யாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். டெல்ஃபி என்ற நிரலாக்கக் கருவியில் சிறு வணிக மென்பொருள் எழுதும் வழக்கம் அங்கே ஆழமாக வேர் பிடித்தது, ஃபயர்பேர்டும் அதோடு கூடவே போனது. பிரேசிலின் பிராசிகாபா நகரில் இதற்கென்றே நிரலாளர் மாநாடு நடந்திருக்கிறது. ரஷ்யாவில் ஃபயர்பேர்டிலிருந்து கிளைத்த ரெட் டேட்டாபேஸ் தனித் தயாரிப்பாகவே இருக்கிறது. போர்ச்சுகீசிலும் ரஷ்ய மொழியிலும் நடக்கும் பேச்சு உங்கள் காதில் விழுவதில்லை. ஆங்கிலத்தில் வராதது நடக்கவே இல்லை என்று ஆகிவிடுகிறது. தமிழில் எழுதும் என்னை இது கூடுதலாகவே உறுத்துகிறது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு நூல் வியாபாரி, பல வருடம் ஒழுங்காக ஓடிய மென்பொருளைப் பற்றி என்னிடம் கேட்டார்: "ஏனுங்க தம்பி, இது என்ன டேட்டாபேஸுங்க? எங்க ஆடிட்டர் பேரே கேள்விப்பட்டதில்லைங்கறாரு." நான் என்ன விளக்கினாலும் எடுபடவில்லை. காட்டுவதற்கு ஒரு கட்டுரை இல்லை. பெயர் தெரிந்த ஒன்றுக்கு எல்லாவற்றையும் மாற்றித் தரச் சொன்னார். செய்து கொடுத்தேன், பணமும் வாங்கினேன். ஆனால் அவருக்கு அந்தச் செலவு தேவையே இல்லை. இப்போது அந்தப் புது டேட்டாபேஸுக்கு மாத வாடகை வேறு கட்டுகிறார். ஆடிட்டரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் படிக்கும் எந்த இதழிலும் அந்தப் பெயர் இல்லாதபோது அவர் சந்தேகப்படுவது நியாயம்தான். வேலைக்கு வரும் பிள்ளைகளும் அப்படித்தான். கல்லூரியில் ஆரக்கிளும் மைஎஸ்க்யூஎல்லும் படித்துவிட்டு வருகிறார்கள். ஃபயர்பேர்டைக் காட்டினால், இதைக் கற்றுக்கொண்டால் வேறு எங்கேயும் வேலை கிடைக்குமா என்று கேட்கிறார்கள். கற்றுக்கொள்ள ஆள் குறைந்தால், நாளைக்கு அதைப் பராமரிக்கவும் ஆள் குறையும்.

புகழ்ந்து எழுதுங்கள் என்று கேட்கவில்லை. குறைகள் இருக்கின்றன, அவற்றையும் எழுதுங்கள். யாராவது ஒரு பரிவர்த்தனையைத் திறந்து வைத்துவிட்டு மறந்தால் பழைய பதிப்புகள் குவிந்து கோப்பு ஊதிப்போகும், வேகம் படுத்துவிடும். எல்லா இணைப்புகளையும் ஒரே நிரல் கவனிக்கும் சூப்பர்சர்வர் முறையில், கணினியின் செயலியில் உள்ள பல கோர்களைப் பயன்படுத்தும் திறமை 2016-இல் வந்த 3.0 பதிப்பில்தான் கிடைத்தது. டேட்டாபேஸின் நகலை வேறொரு சர்வரில் தானாகவே வைத்துக்கொள்ளும், உள்ளேயே அமைந்த ரெப்ளிகேஷன் வசதிக்கு 2021-இல் வந்த 4.0 வரை காத்திருந்தோம். ஆவணங்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. 2024 ஜனவரியில் 5.0 வெளிவந்தது. அதில் இவை எவ்வளவு சரியாகியிருக்கின்றன என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்து எழுதினால், என்னைப் போன்றவர்கள் முதல் ஆளாகப் படிப்போம்.

ஃபயர்பேர்ட் ஓர் உதாரணம்தான். மருத்துவமனைகளின் நோயாளிப் பதிவேடுகளுக்கு அடியில் 1960களில் பிறந்த மம்ப்ஸ் என்ற டேட்டாபேஸ் இன்னும் ஓடுகிறது. பங்குச் சந்தை வர்த்தக மேசைகளில் கேடிபி என்ற டேட்டாபேஸ் ஓடுகிறது. அங்கேயும் இதே கதைதான்.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வருடத்துக்கு ஒரு முறையாவது, யாரும் உங்களுக்கு அறிக்கை அனுப்பாத ஒரு டேட்டாபேஸை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனத் தலைவரைத் தேடாமல், அதை வைத்துத் தொழில் செய்கிறவரைத் தேடிப் போங்கள். பேக்கப் எடுத்து, வேறொரு கணினியில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய கோப்பைப் புதிய பதிப்புக்குக் கொண்டுவர என்ன பாடு பட வேண்டியிருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். இதுவரை மொத்தம் எவ்வளவு செலவானது என்றும் கேளுங்கள். கோடிக்கணக்கான வரிகளை நொடியில் படிக்கும் வேகப் போட்டியை விட, நாற்பது பேர் வேலை செய்யும் ஓர் ஆலையின் உரிமையாளருக்கு இந்தப் பதில்கள் பயன்படும்.

கோவைப் பக்கம் வந்தால் சொல்லுங்கள். நான் பார்த்துக்கொள்ளும் கடைகளில், முதலாளிகளின் அனுமதியோடு, உங்களை உட்கார வைத்துக் காட்டுகிறேன். நல்லதோ கெட்டதோ, பார்த்ததை அப்படியே எழுதுங்கள்.

இப்படிக்கு,
கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதும் ஒருவன்,
கோயம்புத்தூர்