பிள்ளையின் வீட்டையும் பாடத்தில் சேருங்கள்

வரலாற்றுப் பாடநூல் எழுதுவோருக்கு,

வணக்கம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு என்றாலே ஆளுநர் டூப்ளே, கர்நாடகப் போர் என்று நாலு வரி எழுதி முடித்துவிடுகிறீர்கள். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிக் குவித்ததில் குடும்பமும் இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டால் அரசியலே பாதிதான் விளங்கும்.

புதுச்சேரியின் துபாஷி பதவியையே, அதாவது பிரெஞ்சுக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும் இருக்கும் பதவியையே, எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் குடும்பம் அங்கே வேரூன்றக் காரணமானவர் அவருடைய தந்தையின் மைத்துனர் நைனியப்பப் பிள்ளை. அவர் சிறையில் மாண்டார். மகன் குருவப்பப் பிள்ளை பிரான்சுக்குப் போய், ஞானஸ்நானம் பெற்று, செவாலியே என்ற பிரெஞ்சு வீரப் பட்டத்தோடு திரும்பிப் பதவியில் அமர்ந்தார். பிற்பாடு அது கனகராய முதலியாரிடம் போனது.

முதலியார் வீட்டுக் கதைதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரே மகன் வேலவேந்திரன் 1739இல் இளவயதில் இறந்துபோக, அவன் நினைவாக உழவர்கரையில் தேவாலயம் எழுப்பினார். 1745இல் அங்கே ஊரையே கூட்டி விருந்து வைத்தார்: கிறிஸ்தவர் எடுத்த விழா, ஆனால் சமையலும் பந்தியும் அவரவர் சாதி ஆசாரப்படி. பிள்ளை இதை மெச்சிவிட்டுப் போகவில்லை. முரண்பாட்டைச் சுட்டிக் குத்தவும் செய்கிறார். மறு ஆண்டு முதலியார் கண்ணை மூடியதும் சொத்துக்காக அவருடைய மனைவிக்கும் தம்பிக்கும் வழக்கு. பிள்ளை அதைப் பதிவு செய்கிறார். ஆனால் காலியான பதவியின்மேல் அவருக்கே கண் இருந்ததையும் மறக்கக் கூடாது.

டூப்ளேயின் மனைவி ழான் இன்னொருவர். புதுச்சேரியில் பிறந்து தமிழ் பேசியவர். கைம்பெண்ணாக, பிள்ளைகுட்டிகளோடு 1741இல் டூப்ளேயை மணந்தவர். ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அவரைக் கண்டால் ஆகாது. அந்த ஏச்சை அப்படியே வரலாறாக்கிவிடுகிறார்கள். பதவிக்குத் தன் ஆளைச் சிபாரிசு செய்த பெண்மணியைப் பற்றிப் போட்டியாளர் வேறென்ன எழுதுவார்?

ஆகவே அடுத்த பதிப்பில் இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள். உழவர்கரை விருந்துப் பகுதியைப் பிள்ளையின் தமிழிலேயே, அருஞ்சொற்பொருளோடு அச்சிடுங்கள். பக்கத்திலேயே இரண்டு வீடுகளின் வம்சாவளியும் இருக்கட்டும். பெண்களை வெறுமனே 'இன்னாரின் மனைவி' என்று விடாமல், பெயர் கிடைக்கும் இடத்தில் பெயரோடு. பயிற்சி வினாவில் போர் நடந்த ஆண்டைக் கேட்பதோடு, முதலியார் மனைவியின் தரப்பில் என்ன நியாயம் இருந்திருக்கும் என்றும் கேளுங்கள்.

இப்படிக்கு,
வரலாறு படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் ஒருவர்